கடைசி வாரிசு

சர்க்கரை ஆலை உள்ள ஊரில் குடியிருக்கும் ஒருவர் எறும்பைப் பற்றி எழுதப் புகுந்தால், அதை ஒரு புகார்க் கடிதம் என்றே நேயர்கள் எண்ணுவார்கள். அப்படி எண்ணுவதில் தவறும் இல்லை. நம் மூங்கில்துறைப்பட்டில் கரும்பு அரைவை தொடங்கிவிட்டால், கரும்பு ஏற்றிய வண்டிகள் வரிசையாய் நிற்கும் சாலை முதல் நம் வீட்டு வெல்லப் பானை வரையில் எறும்புகளின் ராஜ்யமே நடைபெறும். தண்ணீர்த் தட்டின் நடுவே பால் பாத்திரத்தை வைத்து, அகழி சூழ்ந்த கோட்டையைப்போல் அதைக் காத்து வருகிறாள் நம் இல்லத்தரசி. அந்த அகழியையும் ஒரு துரும்பைப் பாலமாகக் கொண்டு கடந்துவிட்ட சேனைகளை நாம் நேரில் கண்டிருக்கிறோம்.

இத்தகைய ஊரில் வாழ்ந்துகொண்டு, எறும்புக்கு ஆபத்து என்று யாரேனும் சொன்னால் சிரிப்பு வராதா? நமக்கும் வந்தது. அந்தச் சிரிப்புக்காக நாற்பது மாணவர்களின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அந்த விருத்தாந்தத்தையே இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

வகுப்பில் அன்று, உலகை விட்டு மறைந்துபோன பிராணிகளைப் பற்றிய பாடம். மொரீஷியஸ் தீவிலிருந்த டோடோப் பறவையைச் சொன்னோம். நம் தேசத்துச் சிவிங்கிப்புலி அடியோடு அற்றுப்போனதாக 1952ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டதையும், 2022ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து அதன் இனத்தைக் கொண்டுவந்து விட்டதையும் சொன்னோம். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு பையன் கடைசிப் பலகையில் எழுந்து நின்றான்.

"எறும்பு அழிஞ்சு போகுமா, ஸார்?"

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நாமும் அதில் சேர்ந்துகொண்டோம். "எறும்பா? உனக்கும் எனக்கும் பின்னால், இந்த உலகத்துக்குக் கதவைச் சாத்திவிட்டுப் போவதே அதுவாகத்தான் இருக்கும். உட்கார்" என்றோம். பையன் உட்கார்ந்துவிட்டான். ஆனால் அவன் முகத்தில் தெளிவு ஏற்படவில்லை. ஆசிரியர் தொழிலில் இருபது ஆண்டுகள் கழித்தவர்களுக்கு இதுகூடவா தெரியாது? விடை கிடைத்த முகம் வேறு. வாயடைக்கப்பட்ட முகம் வேறு.

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். நாம் சொன்னது பிழை. பிழை பிறந்த இடமும் புலப்பட்டது. 'எறும்பு' என்னும் ஒரே சொல்லுக்குள், விஞ்ஞானிகள் இதுகாறும் பெயரிட்டு விவரித்துள்ள 14,000க்கு மேற்பட்ட இனங்கள் அடங்கியிருக்கின்றன. 'மரம் அழியாது' என்று சொல்லிக்கொண்டே நம் மலைகளில் சந்தன மரத்தைக் களவு கொடுத்தவர்கள் அல்லவா நாம்? வேலிக்கருவை ஊரெங்கும் செழித்திருப்பது சந்தனத்துக்கு என்ன ஆறுதல்? அவ்வாறே நம் வெல்லப் பானையில் மொய்க்கும் எறும்பின் கொழிப்பைக் கண்டு, எங்கோ ஒரு காட்டில் ஒடுங்கிக் கிடக்கும் வேறோர் எறும்பும் சுகமாக இருக்கிறது என்று சொல்ல நியாயம் இல்லை.

அந்த வேறோர் எறும்பு நமக்கு அயல் வீட்டாராகிய இலங்கையில் இருக்கிறது. விஞ்ஞானிகள் அதற்கு இட்ட பெயர் 'அன்யூரீட்டஸ் ஸைமோனி'. பெயர் நீளமேயன்றி ஆள் மிகச் சிறியது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். நிறம் மஞ்சள். வாழுமிடம் ஈரக் காட்டின் தரையில் விழுந்து மக்கிக்கொண்டிருக்கும் கட்டையும் குச்சியும். நம் வீட்டு எறும்புகள் ஆயிரக் கணக்கில் படையெடுப்பவை. இதன் குடித்தனத்திலோ வேலைக்கார எறும்புகள் நூறு இருந்தாலே பெரிய சம்சாரம் எனலாம். அவற்றிலும் இரண்டு வகை உண்டு. சிறியவை பெரும்பான்மை, தலை பருத்த பெரியவை சிறுபான்மை. இலைச் சருகினிடையே தனித்தனியாகத் திரிந்து, சிறு பூச்சிகளையும் கிடைத்த மற்ற ஆகாரத்தையும் கொண்டுவந்து சேர்த்து, தம் ராணியையும் குஞ்சுகளையும் பேணி, இருந்த இடம் தெரியாமல் காலம் கழிக்கும் ஏழைக் குடும்பம் அது.

இந்த ஏழைக் குடும்பத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்தால்தான் திகைப்பு உண்டாகிறது.

இன்று உலகில் உள்ள எறும்புகளையெல்லாம் ஏறக்குறையப் பதினாறு கிளைக் குடும்பங்களாக விஞ்ஞானிகள் பகுத்திருக்கின்றனர். சில கிளைகளில் ஆயிரக் கணக்கான இனங்கள் உண்டு. நாம் சொல்லும் இலங்கை எறும்பு சேர்ந்த கிளையிலோ, உயிரோடிருப்பது இந்த ஒன்றே ஒன்றுதான். அண்ணன் தம்பி, பங்காளி, தாயாதி எவரும் இல்லை. ஆனால் ஒரு காலத்தில் இருந்தார்கள். ஐரோப்பாவில் பால்டிக் கடலோரத்தில், பண்டைக் காலத்து மரப்பிசின் கல்லாக இறுகிய 'அம்பர்' என்னும் பொருள் கிடைக்கிறது. ஏறக்குறைய நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பிசினில் கால் சிக்கி மாண்ட எறும்புகளுள் இந்த வம்சத்தாரும் இருக்கின்றனர். அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்து ப்ளோரிஸன்ட் என்னும் இடத்தில், சுமார் மூன்றரைக் கோடி ஆண்டுகள் பழமையான பாறை ஏடுகளிலும் இவ்வம்சத்தின் உருவம் பதிந்து கிடைத்திருக்கிறது. வட கோளத்தின் இரு கண்டங்களிலும் பரவியிருந்த ஒரு குலம் அங்கெல்லாம் அற்றுப்போய், பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு தீவின் தென்மேற்கு மூலையில், மக்கிய குச்சிக்குள் ஒரே ஒரு வாரிசை வைத்துக்கொண்டிருக்கிறது. அரண்மனைகள் மண்மேடாகிய பின், குடிசையில் விளக்கேற்றி வாழும் ஓர் இளவரசியின் கதையைப்போல் இருக்கிறது.

இந்த வாரிசின் கையில் ஒரு பழைய ஆவணமும் உண்டு. நம் சமையலறையில் தலை கறுத்து, கால்கள் வெளுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடும் ஒரு பொடி எறும்பை நேயர்கள் பார்த்திருப்பார்கள். நசுக்கினால் ஒரு விதமான நாற்றம் வீசும். அது சேர்ந்த கிளைக் குடும்பத்தார் கொட்டும் திறமையை முற்றும் இழந்துவிட்டு, நாற்றமுள்ள திரவத்தையே ஆயுதமாகக் கொண்டவர்கள். இலங்கை எறும்போ அவர்களுக்கு மிக நெருங்கிய உறவு. ஆயினும் பழைய எறும்புகளுக்குரிய கொடுக்கை இன்னும் கைவிடாமல் வைத்திருக்கிறது. கொடுக்குள்ள பழங்குடியினர் எவ்வாறு கொடுக்கற்ற புதுக்குடியினர் ஆயினர் என்பதற்குச் சான்றுரைக்க வல்ல ஜீவன் அது. உறவின் நெருக்கத்தை இக்காலத்து மரபணு ஆராய்ச்சியும் உறுதி செய்திருக்கிறது. பாறையில் பதிந்த உருவத்தைப் பார்த்து அங்க அமைப்பைச் சொல்லலாம். அது எப்படி நடந்தது, எப்படிக் குஞ்சைப் பேணியது, அபாயத்தில் எப்படிக் கூட்டாளியை அழைத்தது என்பதைச் சொல்ல உயிருள்ள சாட்சி வேண்டும். அந்தச் சாட்சி ஒன்றுதான் பாக்கி.

நிற்க. அதைக் கண்டுபிடித்த வரலாறு சுவையானது. யூஜீன் ஸைமன் என்ற பிரெஞ்சுக்காரர் 1892ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் இலங்கையில் பிரயாணம் செய்தார். அவர் சிலந்திகளை ஆராய்வதில் பெயர் பெற்றவர். சிலந்தியைத் தேடிய கையில் சில எறும்புகளும் அகப்பட்டன. அவற்றை இத்தாலிய நிபுணரான கார்லோ எமரி பரிசோதித்து, 1893இல் புதிய இனம் என்று விவரித்து, நண்பர் ஸைமனின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதன் பிறகு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த எறும்பைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் ஊசியில் குத்திய சடலம் அளவில்தான்.

1955ஆம் ஆண்டில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த எட்வர்டு வில்ஸன் இதைத் தேடியே இலங்கைக்கு வந்தார். பிற்காலத்தில் எறும்பு ஆராய்ச்சியின் சக்கரவர்த்தியாக விளங்கி 2021இல் மறைந்த அவருக்கு அப்போது வயது இருபத்தாறு. முதலில் கண்டிக்குச் சென்று, தலதா மாளிகைக்கு மேலே உள்ள உடவத்தைக் காட்டில் குனிந்த தலை நிமிராமல் பல நாள் தேடினார். கிடைக்கவில்லை. மனம் சோர்ந்து தெற்கே ரத்தினபுரிக்குச் சென்றார். அங்கே ஒரு தோப்பில் தரையில் கிடந்த உள்துளையுள்ள குச்சி ஒன்றை எடுத்து ஒடித்தார். மஞ்சள் எறும்புகள் அவர் கைமீது ஊர்ந்தன! ரத்தினங்களுக்காக உலகத்தார் தேடிவரும் ஊரில், அந்த இளைஞருக்கு வாய்த்த ரத்தினம் அது. பின்னர் சிவனொளிபாத மலையின் அடிவாரத்தை ஒட்டிய கிலிமலைக் காட்டிலும் அதைக் கண்டு, கூடு கூடாக ஆராய்ந்து, அடுத்த ஆண்டு தம் கூட்டாளிகளுடன் விரிவான கட்டுரை வெளியிட்டார்.

வெளிநாட்டார் வந்து பார்த்தார்கள், பெயரிட்டார்கள், சீசாவில் அடைத்துக் கொண்டுபோனார்கள் என்பதோடு கதை முடிந்திருந்தால் நமக்குச் சிறிது மனக்குறை இருந்திருக்கும். அப்படி முடியவில்லை. இலங்கைப் பெண்மணியான அனுலா ஜயசூரியா, ஜேம்ஸ் ட்ரானியெல்லோ என்ற அமெரிக்க அறிஞருடன் சேர்ந்து இவ்வெறும்பின் வாழ்க்கையை ஆராய்ந்தார். அவர்கள் 1981இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று இவ்வெறும்பின் பாஷையைப் பற்றியது. வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்லும் இதற்கு வாசனையே வார்த்தை. வயிற்றின் அடிப்புறத்தில் உள்ள ஒரு சுரப்பியினால் தரையில் தடம் இட்டு, 'இவ்வழியே வாருங்கள்' என்று கூட்டாளிகளுக்குச் சொல்கிறது. வயிற்றின் நுனியருகே முதுகுப்புறத்தில் உள்ள வேறொரு சுரப்பியினால் 'அபாயம்!' என்று அறிவிக்கிறது. அவர்கள் 1985இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையில் அதன் வாழ்க்கை முறை முழுவதையும் வருணித்தனர். பின்னர்க் களனிப் பல்கலைக்கழகத்து ஸ்ரியானி டயஸ் என்னும் பேராசிரியையும் அவருடைய மாணவர்களும் சப்பிரகமுவ மாகாணத்திலும் வேறு ஈரக் காடுகளிலும் தேடி, முன்னர் அறியப்படாத புதிய இடங்களில் இவ்வெறும்பைக் கண்டனர். சொந்த நாட்டார் சொந்த மண்ணில் குனிந்து பார்த்தால், வந்து போகும் பிரயாணியின் கண்ணுக்குத் தப்பியதும் கிடைக்கும் என்பதற்கு இது நல்ல அத்தாட்சி.

புதிய இடங்கள் கிடைத்துவிட்டன என்பதனால் அபாயம் தீர்ந்துவிடவில்லை. 1996இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார் தங்கள் செம்பட்டியலில் இதை 'மிகக் கடுமையான அபாயத்தில் உள்ளது' என்ற வரிசையிலே சேர்த்தனர். புலியும் யானையும் இடம் பெறும் பட்டியலில், தலையெடுத்து நோக்கினாலும் தென்படாத ஓர் எறும்பு!

யாரும் அதை வேட்டையாடவில்லை. அதன் கொம்புக்கோ தோலுக்கோ விலை இல்லை. பின் ஏன் இந்த அபாயம்? அதற்கு வேண்டியவை மூன்று: மேலே அடர்ந்த நிழல்; கீழே வற்றாத ஈரம்; ஈரத்தில் ஊறி மக்கும் கட்டை. ரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் பெய்வது சுமார் 1,000. அத்தனை மழை பெய்தாலும், நிழலை எடுத்துவிட்டால் தரை காய்ந்துவிடும். தரை காய்ந்தால் கட்டை காய்ந்துவிடும். கட்டை காய்ந்தால் நான்கு கோடி ஆண்டுப் பரம்பரைக்கு வீடு இல்லை.

அந்த நிழலை எடுத்தது யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைத் தோட்ட முதலாளிகள் இலங்கையின் ஈர மலைகளில் காப்பி பயிரிட்டனர். 1869இல் தோன்றிய இலை நோய் காப்பியை அழித்தது. 1867இலேயே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்த தேயிலை, காப்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1876இல் ரப்பர்க் கன்றுகள் வந்திறங்கி, தாழ்ந்த நிலத்து ஈரக் காடுகளையும் கேட்டன. காடு பின்வாங்கிப் பின்வாங்கி, தென்மேற்குப் பகுதியில் இன்று துண்டு துண்டாக நிற்கிறது. 'கண்டிச் சீமைக்குப் போனவர்' என்று நம் பக்கத்துக் கிராமங்களில் பாட்டன்மாரைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறோம். தென்னாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் பஞ்சத்துக்கும் கடனுக்கும் பயந்து, கங்காணியின் பின்னால் நடந்தவர்கள் அவர்கள். காட்டைத் திருத்திய கைகளில் நம்மவர் கைகளும் இருந்தன. திருத்தச் சொன்ன வாய்தான் வேறு. குளிரிலும் அட்டைக்கடியிலும் அவர்கள் பட்ட துயரை எண்ணும்போது, எறும்பின் துயரைப் பெரிதாகச் சொல்லக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் ஒரே பேராசைதான் அவர்களுக்குக் கொட்டடி வீட்டைக் கொடுத்தது; இந்த எறும்புக்கு இருந்த வீட்டையும் எடுத்துக்கொண்டது.

மறுநாள் வகுப்பில் இவற்றையெல்லாம் சொல்லி, "நேற்று நீ கேட்டது சரியான கேள்வி; நாம் சொன்னதுதான் தவறான விடை" என்று அந்தப் பையனிடம் ஒப்புக்கொண்டோம். "ஏன் அப்படிக் கேட்டாய்?" என்றும் வினவினோம். அவன் சிறிது தயங்கி, "எங்க மலையில பெரிய மரத்தை வெட்டிட்டு மரவள்ளி போட்டாங்க, ஸார். முன்ன கட்டைக்கு அடியில பார்க்கிற பூச்சி சிலது இப்போ அங்க இல்லை. எங்க தாத்தா, வேற எங்கயாவது போயிருக்கும்னு சொல்றாரு. வேற எங்க போகும், ஸார்?" என்றான்.

இந்த முறை வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. நமக்கும் விடை தெரியவில்லை. அவன் கண்ட பூச்சி எது, அதற்கு ஒரு பெயராவது உண்டா என்பதை நாம் அறியோம். மூங்கிலும் ஆற்றுத் துறையும் பெயரிலேயே உள்ள ஊரில் உட்கார்ந்துகொண்டு, தென்மேற்கே நீலமாய்த் தெரியும் மலையின் தரையில் என்ன ஊர்கிறது என்று ஒரு நாளும் நாம் குனிந்து பார்த்ததில்லை. ஜந்து சாஸ்திரம் என்றால் சிங்கம், திமிங்கிலம் என்றே இருபது ஆண்டுகள் பாடம் சொல்லி வந்திருக்கிறோம்.

இது நடந்த வாரத்தில், பள்ளிக்கூட வளாகத்தில் ஒரு பெரிய வேப்பங்கிளை காற்றில் முறிந்து விழுந்தது. வழக்கம்போல் அதை விறகுக்கு விற்றுவிட ஏற்பாடாயிற்று. தலைமை ஆசிரியரிடம் சென்று, கிளையில் பாதியை மட்டும் மதிலோரத்து நிழலில் மக்கவிடும்படி கேட்டுக்கொண்டோம். "மக்கவா? எதற்கு?" என்றார். "பாடத்துக்கு" என்றோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். தோட்டக்காரப் பெரியவர் மட்டும், "குப்பையைச் சேர்த்து வைக்கச் சொல்ற வாத்தியாரை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மழைக்காலம் கழிந்து சென்ற வாரம் மாணவர்களுடன் சென்று கட்டையை மெல்லப் புரட்டிப் பார்த்தோம். அதனடியில் இலங்கையின் மஞ்சள் எறும்பு இருக்குமோ என்று நேயர்கள் ஆவலுறவேண்டாம். அது கடல் கடந்து இங்கே வரவில்லை. இருந்தவை ஒரு பூரான், நாலைந்து மரவட்டைகள், வெள்ளையாய் ஒரு புழு, ஊர்ந்து ஓடிய சில கறுத்த எறும்புகள். பிள்ளைகள் அவற்றை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். பெயர் தெரியாதவற்றுக்கு நேரே கேள்விக்குறி இட்டார்கள். பக்கத்தில் கேள்விக்குறிகளே அதிகமாக இருந்தன.

எழுதி முடிந்ததும் ஓடத் தலைப்பட்டார்கள். மலையிலிருந்து வந்த பையன் மட்டும் நின்று, புரட்டிய கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, முன்பிருந்த பக்கமே தரையைத் தொடும்படி பழைய பள்ளத்தில் பார்த்துப் படிய வைத்தான். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாமும் அன்றுதான் கற்றுக்கொண்டோம்.